ஹபரணை ரோட்டில் காரை அதன் பாட்டில் ஓட விடலாமா?

உவர்மலை வான்:

எல்லோருக்கும் வணக்கம். 22 வருடமாகத் திருகோணமலையிலிருந்து வான் ஹயர் ஓடுகிறேன். கூடுதலாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத்தான். பின்னேரம் வெளிக்கிட்டு, ஆட்களை இறக்கிவிட்டு, விடியப்புறம் திரும்பி வருவேன். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் எந்த வளைவில் மாடு படுத்திருக்கும் என்பது எனக்குப் பாடம். வான் பழையது. அதில் கமராவும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை.

என் தங்கச்சி குடும்பம் வெள்ளவத்தையில் இருக்கிறது. அம்மாவுக்குச் சுகமில்லாததால் மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை இங்கே வருகிறார்கள். மச்சான் வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குத்தான் வெளிக்கிடுவார். பின் சீற்றில் இரண்டு பிள்ளைகள். போன வருடம் வாகன இறக்குமதி திறந்த பிறகு யப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் ஒன்று எடுத்திருக்கிறார். என்ன கார் என்று சொல்லவில்லை, அது இங்கே தேவையும் இல்லை. முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். வெள்ளைக்கோட்டுக்குள் நிற்கும்படி ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொள்ளும். "தம்புள்ளைக்குப் பிறகு நான் ஓட்டுவதே இல்லை மச்சான், அது ஓடும்" என்கிறார். தங்கச்சி சொன்னாள், போன முறை அவர் மடியில் போனை வைத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு வந்தாராம்.

போன மாதம் என் வான் கராஜில் நின்றது. ஹயர் ஒன்றை விட முடியாமல் அவருடைய காரை எடுத்தேன். அவரும் பக்கத்தில் இருந்தார். கந்தளாய் தாண்டியதும் பெரும்போக நெல்லை ரோட்டில் காயப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் நெல். வாகனம் ஏறாமல் இருக்க ஓரத்தில் கருங்கல், முறித்துப் போட்ட வேப்பங்கொப்பு. ஓர் ஆச்சி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலால் நெல்லைக் கிளறியபடி நடந்தார். எதிரே ஒன்றும் வரவில்லை. வழமைபோல வலப்பக்கமாக, நடுக்கோட்டைத் தாண்டி விலத்தினேன். அந்த நேரம் ஸ்டியரிங் என் கைக்குள் இடப்பக்கம் இழுத்தது. மெல்லத்தான், பக்கத்தில் இருந்து யாரோ இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவது போல. ஆச்சி நின்ற பக்கம். இறுக்கிப் பிடித்து விலத்திப் போய்விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அக்போபுர வரைக்கும் என் உள்ளங்கை ஈரமாகவே இருந்தது. திரையில் ஏதோ எழுத்து வந்து மறைந்தது. யப்பான் பாஷை. மச்சானுக்கும் அது என்னவென்று தெரியாது.

நான் கேட்பது இதுதான். ஏன் அது ஆச்சியின் பக்கம் இழுத்தது? அமெரிக்காவில் சாரதியே இல்லாத கார்கள் ஓடுகின்றன என்கிறார்களே, மச்சானின் காரில் இருப்பதும் அதுவும் ஒரே சாமானா? இந்த ரோட்டில், இரவில், பிள்ளைகளோடு, அதை நம்பலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள். மச்சானுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.


கிண்ணியா வயரிங்:

அண்ணன், நான் வாகன எலக்ட்ரிக் வேலை செய்கிறவன். ஸ்கேன் போட்டுப் பிழை பார்ப்பது, கமரா, ராடார் சரிப்படுத்துவது எல்லாம் செய்கிறோம். பெரிய விளக்கம் மற்றவர்கள் சொல்வார்கள். கையில் பிடித்துப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கார்களுக்குக் கண் இரண்டு இடத்தில் இருக்கும். முன் கண்ணாடிக்குப் பின்னால், உட்புறக் கண்ணாடி தொங்கும் இடத்துக்கு மேலே ஒரு கமரா. முன்னால் கம்பனிச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரிலோ, ரேடியோ அலை அனுப்பித் தூரம் பார்க்கிற ஒரு ராடார். எந்தக் கார் வந்தாலும் முதலில் அந்த இரண்டு இடத்தையும்தான் பார்ப்பேன். அண்மையில் ஒரு கார் வந்தது, "முன்னால் வாகனம் போனாலும் வேகம் குறைக்குதில்லை" என்று. சின்னத்தின் மேல் சந்தனம் தடிப்பாகக் காய்ந்து கிடந்தது. அதன் மேல் குங்குமம். கோயிலில் போட்ட மாலையின் நார் இன்னும் கட்டியிருந்தது. துடைத்துக் கழுவினதும் பிழை போய்விட்டது. பூசை வைப்பதைக் குறை சொல்லவில்லை அண்ணன், பொட்டைப் பொனற்றில் வையுங்கள், சின்னத்தில் வேண்டாம். எங்கள் ஆட்களும் அப்படித்தான். குர்ஆன் ஆயத்து ஸ்டிக்கரைச் சரியாகக் கமராவுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று கண்ணாடி. கல் பட்டு முன் கண்ணாடி மாற்றினால் கமராவைத் திரும்ப அளந்து சரிப்படுத்த வேண்டும். ஒரு பாகை விலகினாலும் நூறு மீற்றர் தள்ளி ஒன்றேமுக்கால் மீற்றர் பிழை வரும். அதாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் இந்தப் பக்கம் நிற்பது போலத் தெரியும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஓடும் வாகனங்களுக்கு உப்புக் காற்று வேறு. கண்ணாடி வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும், விரலை வைத்து இழுத்தால் பிசுபிசுக்கும்.

யப்பான் எழுத்தைத் தயவுசெய்து அலட்சியம் செய்ய வேண்டாம். காருக்குத் தனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல அது ஒன்றுதான் வழி. அதை வாசிக்கத் தெரியாமல் ஓட்டுகிறோம். போனில் கமராவால் பிடித்து மொழிபெயர்க்கலாம். ஒவ்வொரு எச்சரிக்கையையும் ஒரு தரம் பிடித்து, தமிழில் எழுதி, டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.


சாம்பல்தீவுத் தாதி:

அண்ணா, எனக்குச் சொந்த இடம் சாம்பல்தீவு. இப்போது அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் தாதியாக வேலை செய்கிறேன். இரவு வேலை முடிந்தால் பல நாட்களில் வேமோ என்ற சாரதியில்லா டாக்சியில்தான் வீட்டுக்கு வருவேன். முன் சீற்றில் ஆள் இல்லை. ஸ்டியரிங் தானாகச் சுற்றும். முதல் நாள் வயிற்றைக் கலக்கியது, கதவுப் பிடியை விடவே இல்லை. இப்போது பழகிவிட்டது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். தரிப்பிடத்தில் பஸ் நின்றது. எங்கள் கார் அதைத் தாண்டப் போனது, பிறகு காரணம் தெரியாமல் வேகத்தைக் குறைத்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் இருந்த திரையில் மட்டும் பஸ்ஸுக்கு முன்பக்கம் ஒரு சின்ன மனித உருவம் இருந்தது. ஒரு செக்கன் கழித்து ஒரு முதியவர் தள்ளுவண்டியோடு ரோட்டுக்கு இறங்கினார். கார் முன்னமே நின்றுவிட்டது. நான் ஓட்டியிருந்தால் அவரை அவ்வளவு வேளைக்குக் கண்டிருக்க மாட்டேன். அதனால் இந்தத் தொழில்நுட்பத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் இங்கே ரோட்டு எப்படி என்றும் சொல்ல வேண்டும். அகலம், நேர், வருடத்தில் முக்கால்வாசி மழை இல்லை. கோடு புதிதாகப் போட்டது போல இருக்கும். மாடு இல்லை, ஓட்டோ இல்லை. அனுராதபுரச் சந்தியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

இதே ஊரில், டெம்பியில், மில் அவெனியூ என்ற ரோட்டில் 2018 மார்ச் 18 இரவு ஊபர் கம்பனியின் தானே ஓடுகிற சோதனைக் கார் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றது. சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். 49 வயது. சாரதி இருக்கையில் ஆள் இருந்தும் அவர் போனில் ரீவி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வழியால் போகிறவள். உங்கள் மச்சான் மடியில் போனை வைத்திருந்தார் என்று வாசித்ததும் அந்த இடம்தான் கண்ணில் வந்தது.


டொக்யார்ட் ரோட்:

எல்லோரும் பயத்தையே சொல்கிறோம். மற்றப் பக்கமும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் வீதி விபத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாகிறார்கள். இலங்கையில் மட்டும் வருடத்துக்கு 2000 பேருக்கு மேல். அந்த வாகனங்களை ஓட்டியது மனிதர். குடிவெறியில், நித்திரையில், போட்டிக்கு ஓடியதில். என் கூட்டாளி ஒருவனை மட்டிக்களிப் பக்கம் முந்திக்கொண்டு வந்த பஸ் அடித்தது. அவன் இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான்.

வேமோவும் சுவிஸ் ரீ என்ற காப்புறுதிக் கம்பனியும் சேர்ந்து 2024 கடைசியில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 25.3 மில்லியன் மைல், அதாவது 4 கோடிக் கிலோமீற்றர். அதே இடங்களில் மனிதர் ஓட்டும் வாகனங்களோடு ஒப்பிட்டால் உடற்காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கை 92 வீதம் குறைவு, பொருட்சேதத்துக்கு 88 வீதம் குறைவு. கம்பனி தானே சேர்ந்து செய்த ஆய்வுதான், சரி. ஆனால் இழப்பீடு கொடுக்கிற காப்புறுதிக்காரனுக்குப் பொய்க் கணக்கால் லாபம் இல்லையே. வெறி போடாத, நித்திரை கொள்ளாத சாரதி வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?


நிலாவெளி 78:

வான் அண்ணா, நான் நிலாவெளி. ஜேர்மனியில் வாகன ராடார் மென்பொருளில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அந்த ஆச்சி கண்ணுக்குள்ளேயே நிற்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இழுப்பு. கமரா தேடுவது கோட்டை. நெல்லையோ கல்லையோ அது தேடுவதில்லை, அதற்குப் படிப்பித்த படங்களில் ரோட்டில் நெல் காயவில்லை. நீங்கள் சிக்னல் போடாமல் நடுக்கோட்டைத் தாண்டினீர்கள். சாரதி கண்ணயர்ந்து கோட்டைத் தாண்டுகிறார் என்று கார் எடுத்துக்கொண்டு, கோட்டுக்குள்ளே கொண்டுவரப் பார்த்தது. அந்தக் கோட்டுக்குள்ளேதான் ஆச்சி நின்றார் என்பது அதன் கணக்கில் வரவில்லை. சிக்னல் போட்டிருந்தால் விட்டிருக்கும். இழுக்கும் பலத்தையும் மனிதன் கையால் அடக்கக்கூடிய அளவுக்குத்தான் வைப்பார்கள். உங்கள் கை ஸ்டியரிங்கில் இருந்தது, அடக்கினீர்கள். மச்சானின் கை மடியில் இருந்தால் அடக்க ஆள் இல்லை.

இனி, ஒரே சாமானா என்ற கேள்வி. இல்லவே இல்லை. எஸ்.ஏ.இ என்ற பொறியியலாளர் அமைப்பு 2014 இல் பூச்சியம் தொடக்கம் ஐந்து வரை படி வகுத்தது. மச்சானின் கார் இரண்டாம் படி. காலும் கையும் செய்கிற வேலையில் கார் உதவும், கண்ணும் பொறுப்பும் முழுதாகச் சாரதியுடையது. ஒரு செக்கன்கூடக் காருடையது அல்ல. மூன்றாம் படியில் குறிப்பிட்ட நிலைமையில் பொறுப்பைக் கார் எடுக்கும், கூப்பிட்டால் சாரதி திரும்ப எடுக்க வேண்டும். யப்பானில் ஹொண்டா 2021 இல் இதை 100 கார்களில் மட்டும் விட்டது, அதுவும் நெடுஞ்சாலை நெரிசலில் மட்டும். இங்கே மெர்சிடிஸுக்கு 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்தபோது மணிக்கு 60 கிலோமீற்றர்தான் எல்லை. சாம்பல்தீவுத் தங்கச்சி ஏறுகிற வேமோ நான்காம் படி. சாரதி தேவையில்லை, ஆனால் குறித்த ஊருக்குள் மட்டும். எங்கேயும் எப்போதும் ஓடுகிற ஐந்தாம் படி இன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை.

கண்களை எண்ணிப் பாருங்கள். வேமோவின் ஆறாவது தலைமுறை வண்டியில் 13 கமரா, 4 லைடார், 6 ராடார். லைடார் என்றால் லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துச் சுற்றுப்புறத்தின் உருவத்தை அளக்கிற கருவி. வெளிச்சம் இல்லாவிட்டாலும் அதற்குத் தெரியும். அதோடு ஓடப்போகிற ஊரின் ஒவ்வொரு வீதியையும் முன்கூட்டியே நுணுக்கமாக அளந்து வைத்திருப்பார்கள். மச்சானின் காரில் கிண்ணியாத் தம்பி சொன்ன மாதிரி ஒரு கமரா, ஒரு ராடார். டொக்யார்ட் ரோட் தம்பி சொன்ன 92 வீதம் அதற்கு முந்தைய தலைமுறை வேமோ வண்டிகளின் கணக்கு, அவற்றில் கண் இன்னும் அதிகம். அந்தக் கணக்கை நான் நம்புகிறேன். ஆனால் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களின் கணக்கை அக்போபுரவுக்குக் கொண்டுவர முடியாது, வேமோவின் கணக்கை மச்சானின் காருக்கும் கொண்டுவர முடியாது.

ஊபர் விபத்தைப் பற்றிச் சாம்பல்தீவுத் தங்கச்சி எழுதினார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் அறிக்கையை எங்கள் வேலையிடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாசிக்கக் கொடுப்போம். மோதுவதற்கு 5.6 செக்கனுக்கு முன்பே அந்தப் பெண்ணை வண்டி கண்டுவிட்டது. வண்டி ஓடிய வேகத்துக்கு அது நூறு மீற்றருக்கு மேல். நிறுத்தத் தாராளமான தூரம். ஆனால் கண்டது என்னவென்று அதற்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. முதலில் வாகனம் என்றது, பிறகு இன்னதென்று தெரியாத பொருள் என்றது, மறுபடி வாகனம், பிறகு சைக்கிள். ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும் அதுவரை அவர் நடந்து வந்த வழியை அழித்துவிட்டு, இப்போதுதான் புதிதாகக் கண்டது போலக் கணக்கைத் தொடங்கியது. கடவை இல்லாத இடத்தில் ஒரு மனிதர் ரோட்டைக் கடப்பார் என்பதே அந்த மென்பொருளில் எழுதப்படவில்லை. காரில் கம்பனி பூட்டி விட்ட தானியங்கிப் பிரேக்கையும் சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மூதூர்ப் பக்கம் சைக்கிளில் விறகுக் கட்டைக் குறுக்காகக் கட்டி உருட்டிக்கொண்டு வருகிற மனிதரை நினையுங்கள். பின்னால் லைட் இல்லாத லேண்ட்மாஸ்டரை, அந்த இரு சக்கர ட்ரக்டரை நினையுங்கள். அவற்றை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று இந்தக் கார் எங்கே படித்திருக்கும்? மிருகமும் அப்படித்தான். வோல்வோ கம்பனி சுவீடனில் பெரிய மான்களைப் பார்த்துச் செய்த கருவியை அவுஸ்திரேலியாவில் சோதித்தபோது கங்காருவிடம் குழம்பியது. தூரத்தை நிலத்தை வைத்து அளந்ததால், கங்காரு துள்ளி அந்தரத்தில் நிற்கும்போது தள்ளி நிற்பதாகவும், நிலத்தில் விழும்போது கிட்ட வந்துவிட்டதாகவும் அதற்குத் தெரிந்தது. 2017 இல் அவர்களே ஒத்துக்கொண்ட விஷயம். பிரட்ரிக் கோட்டைக்குள்ளிருந்து பஸ் நிலையம் வரை உலாவுகிற எங்கள் புள்ளிமான்களை எந்தக் கம்பனி அளந்தது?

ராடாரில் ஒரு பழைய கஷ்டமும் உண்டு. நான் தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். வேகமும் தூரமும் அதற்கு நன்றாகத் தெரியும், உருவம் தெளிவில்லை. நிற்கிற எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் மதகுக்கும் பெயர்ப்பலகைக்கும் கார் நின்று நின்று போகும். அதனால் வேகமாக ஓடும்போது அசையாமல் நிற்கிற பொருட்களைப் பல கார்களில் வடிகட்டி விடுவார்கள். ரோட்டோரம் லைட் இல்லாமல் நிற்கிற லொறி அந்த வடிகட்டலில் போய்விடலாம்.

சரி, எல்லாம் வேண்டாமா என்றால் இல்லை. தானியங்கிப் பிரேக்கை நிறுத்த வேண்டாம். ஐ.ஐ.எச்.எஸ் என்ற அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் பார்த்ததில், அது உள்ள கார்கள் முன் வாகனத்தில் போய் மோதுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. நடப்பவர்களை மோதுவதும் 27 வீதம் குறைவு. ஆனால் அதே 2022 ஆய்வில், வீதி விளக்கு இல்லாத இருட்டில் நடப்பவர்களைப் பொறுத்தவரை எந்த வித்தியாசமும் இல்லை. கந்தளாய் ரோட்டில் விளக்கு எத்தனை என்று உங்களுக்குத்தான் தெரியும். மச்சான் ஆசைப்படுகிற அந்த மற்றது, ஸ்டியரிங்கும் வேகமும் சேர்ந்த உதவி, விபத்தைக் குறைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2024 இல் அதே நிறுவனம் சொன்னது. அது சாரதிக்குச் சொகுசு.

பெரிய வண்டிகளுக்கும் எல்லை உண்டு. 2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கரண்ட் போய் சிக்னல் விளக்குகள் அணைந்தபோது வேமோ வண்டிகள் சந்திகளில் அப்படியே நின்றன. ஒஸ்டின் நகரில் பிள்ளைகளை இறக்க நின்ற பாடசாலை பஸ்ஸைத் தாண்டிப் போனதால் அதே மாதம் மென்பொருளைத் திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். இது இப்படித்தான் வளரும். ஓரிடத்தில் விட்ட பிழையைத் திருத்தினால் அந்தத் திருத்தம் எல்லா வண்டிக்கும் போய்ச் சேரும், மனிதருக்கு இல்லாத பலம் அது. எங்கள் ரோட்டை அவை படிக்கும் நாளுக்கு நான் ஆசையோடு காத்திருக்கிறேன். ஆனால் அந்தப் படிப்பு உங்கள் தங்கச்சியின் பிள்ளைகள் பின் சீற்றில் இருக்கும்போது நடக்கக் கூடாது.


டொக்யார்ட் ரோட்:

அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். ஒரு கேள்வி. டிட்வா புயலுக்குப் பிறகு மூதூர்ப் பக்கம் ரோட்டு எது, வயல் எது என்று தெரியாமல் கிடந்தது. அளந்து வைத்த வரைபடத்தை நம்பி ஓடுகிற வண்டி அப்போது என்ன செய்யும்?


நிலாவெளி 78:

வரைபடத்தில் இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதும் பொருந்தாவிட்டால், ஒழுங்காகச் செய்த வண்டி ஓரமாக நின்றுவிடும். அதற்கு மேல் போகாது. வெள்ளத்துக்குள் ஆளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன ட்ரக்டர்காரர்களின் வேலையை அது செய்யாது.


உவர்மலை வான்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

அச்சிட்டு எடுத்து மச்சானிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இவர்கள் அங்கே இருந்துகொண்டு சொல்கிறார்கள்" என்று மடித்து வைத்துவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. போன வெள்ளிக்கிழமை ஹயர் விட்டுவிட்டு வெறும் வானோடு திரும்பும்போது அவர்களும் வருகிறார்கள் என்று தெரிந்து ஹபரணையில் காத்திருந்தேன். வானைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு அவர்கள் காரில் ஏறினேன். நான் ஓட்டினேன், கையும் காலும் என்னுடையது. அவரிடம் ஒரு வேலை மட்டும் கேட்டேன். முன்னால் நான் எதையாவது கண்டால் சொல்வேன், அந்த நேரம் திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். முன்னால் வாகனம் இருந்தால் அந்தத் திரையில் சின்னக் கார் படம் ஒன்று வரும்.

கார், பஸ், லொறி எல்லாவற்றுக்கும் சரியாக வந்தது. அதில் குறை இல்லை. கட்டாக்காலி மாடு நான்கு இடத்தில் நின்றது, திரையில் ஒன்றும் வரவில்லை. அரிசி ஆலைப் பக்கம் லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் ஒன்று போனது. "மச்சான், முன்னால்" என்றேன். "ஒன்றும் இல்லை" என்றார். வேகத்தைக் குறைத்துப் பின்னால் போனேன். மூட்டைக்கு மேல் இருந்தவரின் வெள்ளைச் சாரம் எங்கள் லைட்டில் தெரிந்த பிறகுதான் படம் வந்தது.

அதற்குப் பிறகு எதிரே வந்த லொறிக்காரர் லைட்டை இரண்டு தரம் அணைத்துக் காட்டினார். எங்களுக்குள் அதற்கு அர்த்தம் யானை. நிறுத்தினேன், லைட்டைத் தாழ்த்தினேன், ஹோர்ன் அடிக்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். பற்றைக்குள்ளிருந்து ஒன்று வந்து ரோட்டு நடுவில் நின்றது. அது போன பிறகும் நான் எடுக்கவில்லை. பின்னால் குட்டி இருக்கும் என்று நினைத்தேன், இருந்தது. குட்டிக்குப் பின்னால் இன்னொன்று. மச்சான் ஒரு தரம் கண்ணாடியையும் ஒரு தரம் திரையையும் பார்த்தார். திரையில் இரண்டு வெள்ளைக்கோடு மட்டும் இருந்தது, நடுவில் வெறும் இடம். பின் சீற்றில் பிள்ளைகள் நல்ல நித்திரை. தங்கச்சி மட்டும் விழித்திருந்து என் சீற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இறங்கினதும் போனை எடுத்து அந்த யப்பான் எழுத்துக்களைப் பிடித்துப் பிடித்து மருமகளைக் கொண்டு தமிழில் எழுதுவித்தார். ஒன்றுக்கு "முன் கமராவுக்குத் தற்போது பார்க்க முடியவில்லை" என்று வந்தது. அன்றைக்கு நெல்லுக்குப் பக்கத்தில் வந்து மறைந்தது அதுதானா என்று தெரியாது. கண்ணாடியில் பிள்ளையார் ஸ்டிக்கர் கமராவை ஒட்டியே இருந்தது, பக்குவமாகக் கழற்றிக் கீழே இடப்பக்க மூலையில் ஒட்டினோம். அடுத்த முறை வெள்ளி இரவு வெளிக்கிடாமல் சனி விடியவே வெளிக்கிடுவதாகத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாராம்.

கிண்ணியாத் தம்பிக்கு ஒரு கேள்வி. தானியங்கிப் பிரேக்கை அப்படியே இருக்க விட்டு, ஸ்டியரிங் உதவியை மட்டும் நிறுத்தினோம். காரை அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது. நிரந்தரமாக நிறுத்த வழி இருக்கிறதா?


கிண்ணியா வயரிங்:

ஒவ்வொரு கார் ஒவ்வொரு மாதிரி அண்ணன். சிலதில் மெனுவுக்குள் ஒரு தரம் மாற்றினால் நிற்கும், சிலதில் ஒவ்வொரு முறையும் பட்டனைப் பிடிக்க வேண்டும். பார்க்காமல் சொல்ல முடியாது. அவர்கள் வருகிற கிழமை ஞாயிறு காலை கொண்டு வாருங்கள், கமராவின் அளவையும் பார்த்துவிடலாம். வெறும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தால் போதும், சம்பளம் வேண்டாம்.